கூலி காத்திருந்த ஊரில் பள்ளிக்கூடம்

கொங்குச் சீமையில் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டதற்கு வறுமைதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1978இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, பல்லடம் வட்டாரத்தில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற எனக்கு இந்தப் பதில் போதவில்லை. அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டது எல்லா ஜில்லாவிலும் நடந்ததுதான். எங்கள் பக்கம் மூன்று வேளை சோறு உண்ட வீட்டுப் பிள்ளையும் விட்டான். வாசற்படி இறங்கினால் அவனுக்கு வேலை இருந்தது. முதலில் பஞ்சாலை, பிறகு பவுண்டரியும் பட்டறையும், சோமனூர் பல்லடம் பக்கம் தறிக்குடோன், அதற்கப்புறம் திருப்பூர் பனியன் கம்பெனி. வேலை தேடி அலையவேண்டியதில்லை. வேலையே வீதிக்கு வந்து கூப்பிட்டது.

அதனால் இந்த மண்ணின் பள்ளி வரலாற்றைக் கட்டடங்களின் வரலாறாக எழுதினால் கதையின் பெரும்பகுதி விட்டுப்போகும். கூலிக்கும் பிள்ளைக்கும் நடுவே யார் வந்து நின்றார்கள், எவ்வளவு நாள் நின்றார்கள் என்பதே எனக்கு வரலாறு. அரசு மட்டும் நின்ற காலத்தில் பாதி நடந்தது. ஊர் மட்டும் நின்றபோதும் பாதிதான். கூலி கொடுப்பவனும் சேர்ந்து நின்ற இடங்களில் பிள்ளைகள் கடைசி வகுப்புவரை போனார்கள்.

முதலில் மில்லைச் சொல்லவேண்டும். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லை ஊர் ஸ்டேன்ஸ் மில் என்றே அழைத்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் காளீஸ்வரா, லட்சுமி என்று மற்ற மில்கள் வந்தன. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகு சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் பக்கமெல்லாம் சங்கொலி கேட்டுத்தான் விடிந்தது. கரிசலில் விளைந்த பருத்தி, அதை நூற்கும் ஆலை, அதில் ஓட எளிய விலையில் கை எல்லாம் ஒரே இடத்தில் கூடின. அந்தக் கைகளில் கணிசமானவை சின்னக் கைகள்.

சட்டம் அதை மறைக்கவில்லை. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழே எடுக்கக்கூடாது என்றும், 7 முதல் 12 வயதுவரை 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும் சொன்னது. 1891இல் குறைந்த வயது 9 ஆகி, வேலை நேரம் 7 மணியாகக் குறைந்தது. 1922இல் குறைந்த வயது 12, நேரம் 6 மணி. 1934இல் 5 மணி. 14 வயதுக்குக் கீழே ஆலைக்குள் விடவே கூடாது என்று வர 1948 ஆயிற்று. சட்டம் திருந்தித் திருந்தி அந்த இடத்துக்கு வர 67 ஆண்டு பிடித்திருக்கிறது.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, 12 வயதில் மில்லுக்குள் போனவர். டாபர் பையன் வேலை. நூல் நிறைந்த பாபினைக் கழற்றி வெறும் பாபினை மாட்டவேண்டும். விரல் சின்னதாகவும் ஓட்டம் வேகமாகவும் இருந்தால் அந்த வேலைக்கு நல்லது. வயசுக்கு டாக்டர் சீட்டுக் கொடுத்தபோது பல்லையும் உயரத்தையும் பார்த்துத்தான் கொடுத்தார் என்பார். ஆறு மணி நேரம் முடிந்து வெளியே வந்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த ஷிப்ட்டு ஆட்களுக்கு வீடு வீடாகப் போய்த் தூக்குப்போசி வாங்கி வந்து கொடுத்தால் காலணா, அரையணா கிடைக்கும், அதைச் செய்தேன் என்றார். பள்ளிக்கூடம் மில்லுக்குப் போகும் வழியில்தான் இருந்தது. அதற்குள் அவர் கால் வைத்ததில்லை.

லங்காஷயர் ஆலைகளில் இங்கிலாந்துச் சட்டம் செய்ததைப் பிற்பாடு படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. 1833இலேயே அங்கே ஆலைப் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரப் பள்ளி கட்டாயம். 1844இல் அரைநாள் ஆலை, மற்ற நேரத்தில் பள்ளி என்று ஏற்பாடு வந்தது. பள்ளிக்கு வந்தான் என்று வாத்தியார் சான்று எழுதிக் கொடுக்காத பிள்ளையை முதலாளி வேலைக்கு வைக்கக்கூடாது. அந்த ஏற்பாட்டிலும் பிள்ளைகள் களைத்து வகுப்பில் தூங்கினார்கள் என்பது உண்மைதான். 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. ஆனாலும் ஆலைக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதே ஆட்சி நம் நாட்டுக்குச் சட்டம் எழுதியபோது அரைநாள் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது, அரைநாள் பள்ளியை விட்டுவிட்டது. மிச்ச நேரத்தில் பிள்ளை என்ன செய்வான் என்று சட்டத்துக்குக் கவலையில்லை. சில இடங்களில் ஒரே பிள்ளை காலையில் ஒரு மில், மாலையில் இன்னொரு மில் என்று ஓடியதால், அப்படி விடுகிற பெற்றோருக்குத் தண்டனை என்று 1926இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். தண்டனை பெற்றோருக்குத்தான் வந்தது, பள்ளி அப்போதும் வரவில்லை.

1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் கல்வி வரி வசூலிக்கலாம், கட்டாயக் கல்வியும் கொண்டுவரலாம் என்று வழிவிட்டது. பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்கு அபராதம் போடலாம். பள்ளி நேரத்தில் பிள்ளையை வேலைக்கு வைத்தவனைப் பார்த்து யார் கேட்பது? அந்தக் கேள்வி இந்தக் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

கேட்காமலே செய்தவர்களும் இருந்தார்கள். பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்துப் பிரித்தபோது ஐந்து பங்காக வைத்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கினார்கள். 1926இல் பி.எஸ்.ஜி அறநிலையம் பிறந்தது அப்படித்தான். அதற்கு முன்பே 1924இல் சர்வஜனப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். பருத்தி வியாபாரமும் மில்லும் நடத்திய குடும்பம், தங்கள் மில்லுக்கு எட்டும் தூரத்தில் பள்ளியையும் தொழிற்பட்டறையையும் வைத்தது. தர்மம் என்றால் சத்திரமும் கோயில் மண்டபமும் கட்டுவது என்றிருந்த ஊரில் பள்ளியும் தர்மம்தான் என்று செல்வந்தர் வீடுகள் எண்ணத் தொடங்கிய காலம் அது. கோபிசெட்டிபாளையத்தில் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவையொட்டித் தொடங்கிய பள்ளி இன்றும் வைரவிழாப் பள்ளி என்ற பெயரோடு நடக்கிறது.

அரைநாள் என்ற எண்ணம் நம்மை விட்டு எளிதில் போகவில்லை. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, இரண்டு நேரமாகப் பிரித்தார். மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். இருக்கிற வாத்தியார்களையும் கட்டடத்தையும் வைத்து இரட்டிப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம் என்பது அவர் கணக்கு. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, நெசவாளர் வீட்டையும் குடியானவர் வீட்டையும் நேரில் பார்த்துப் பழகியவர் அவர். அதனால் கெட்ட எண்ணத்தில் கொண்டுவந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரைநாள் பள்ளி என்றால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று அப்பாருவைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார். முதல் ஆறு மாதம் அரைநாள், அப்புறம் முழுநாளும் வேலை. இன்னொன்றும் உண்டு. மலம் அள்ளுகிறவர் பிள்ளை எந்தத் தகப்பன் தொழிலைக் கற்கும்? ஈரோட்டுக்காரரான பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார், நாடே கொந்தளித்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடுகிறோம் என்று அறிவித்த கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம், பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். அதே திட்டத்துக்காகச் சட்டசபையில் வாதாடியவரும் அவரே. திட்டத்தைக் கொண்டுவந்தவர், எதிர்த்தவர், எடுத்தவர் மூவரும் கொங்கோடு தொடர்புள்ளவர்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. பிள்ளை உழைப்பா, பிள்ளை படிப்பா என்ற வழக்கு இங்கேதான் மற்ற இடங்களைவிட உக்கிரமாக நடந்தது.

அதற்குப் பிறகு வந்த பத்து ஆண்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பூரிக்கும். பள்ளியில் சோறு போடுவது முன்பே நடந்த காரியம்தான். பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுத்தது. தொடக்கக் கல்விப் பணத்தை அதற்குச் செலவழிக்கக்கூடாது என்று அரசு சொன்னதால் 1925இல் அது நின்றது. காமராஜரும், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவும் வேறு வழி எடுத்தார்கள். அரசுப் பணத்துக்குக் காத்திராமல் ஊரைக் கேட்டார்கள். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் அரசு பங்கு போட முன்வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் அரசு 6 காசு, ஊர் 4 காசு. இந்தக் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன். நாலு காசு ஊருடையது என்பதால் ஊர்ப் பெரியவர் யாரும் பள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சூலூர் பக்கம் எங்கள் ஊரில் கதிரடிக்கும் காலத்தில் களத்துமேட்டிலேயே பள்ளிக்கூடத்துப் பங்கை அளந்து வைத்துவிடுவார்கள். பண்ணையம் பெரிதாக இருந்த வீட்டில் ஒரு வள்ளம், இரண்டு வள்ளம் சோளமோ கம்போ தருவார்கள். இல்லாத வீட்டில் அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வெள்ளிக்கிழமை பெரிய வகுப்புப் பையன்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வருவார்கள். தோட்டத்துக்காரர் ஒருவர் கீரை, பூசணி என்று எது காய்த்தாலும் முதல் கூடையைப் பள்ளிக்கு அனுப்புவார். நான் சாப்பிட்டது இந்தச் சோறும், பிறகு 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பு அனுப்பிய சோளமாவும் பால்பவுடரும். மஞ்சளாக ஓர் உப்புமா வரும். சேர்ந்து உட்கார்ந்து உண்டோம். சேரி வளவுப் பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைக்க எங்கள் பெரிய வாத்தியார் பட்ட பாடு கொஞ்சமில்லை. இரண்டு வீட்டார் பிள்ளைகளை நிறுத்தினார்கள், மாதக் கணக்கில் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள், பிறகு அனுப்பினார்கள்.

1958இலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அதன் நடைமுறை எளிது. வட்டாரத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று வாத்தியாரும் ஊராரும் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். கூரை ஒழுகுகிறது, கரும்பலகை இல்லை, மணி இல்லை, தண்ணீர்ப் பானை இல்லை, நிலப்படம் இல்லை, சீருடைக்குத் துணி வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். இதை நான் தருகிறேன், அதை நான் தருகிறேன் என்று ஊர் ஏற்றுக்கொள்ளும். பிறகு பெரிய மைதானத்தில் மாநாடு. அமைச்சர் வருவார், சிலவற்றில் காமராஜரே வந்தார். கொடுத்தவரின் பெயரை மேடையில் சொல்வார்கள். எங்கள் பக்கம் மில்காரர்கள் சீருடைத் துணியும் கட்டடமும் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அவர்களிடம் பேசவும் முடிந்தது. பள்ளிக்குத் துணி கொடுத்தவரிடம் போய், “உங்க குடோன்ல நம்ம பையன் ஒருத்தன் தார் சுத்திட்டிருக்கானுங்க, அனுப்பி வையுங்க” என்று வாத்தியார் கேட்கலாம். அவரால் முகத்தைத் திருப்ப முடியாது. அந்த நாலு காசின் பலம் அதுதான்.

இதில் ஓர் ஓட்டையும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்வது பல சமயம் ஒரு சாதியின் ஊர். கல்லூரிப் படிப்புக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ நகரத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தந்தச் சமூகத்தார் விடுதி கட்டினார்கள். தங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சேரிப் பிள்ளைக்கு எந்த விடுதி? ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி எட்டு மைல் தள்ளி இருந்த காலத்தில் தங்க இடமில்லை என்றால் படிப்பு அங்கேயே முடிந்தது. அடுத்த நாளே பண்ணையத்தில் ஆடு மேய்க்கவோ பட்டறையில் துருத்தி ஊதவோ ஆள் வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் இரண்டு பேரை நினைக்கிறேன். ஒருவர் திருப்பூரில் வசதியான வீட்டில் பிறந்த தி.சு.அவினாசிலிங்கம். 1930இல் ஒரு வாடகை வீட்டில் விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளோடு, தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து, ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். சாதிபேதம் இல்லாமல் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து, வேலையும் செய்து படிப்பது அங்கே முறை. 1934இல் அரிஜன யாத்திரையாக வந்த காந்தி வித்யாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் பரந்து கிடக்கும் அந்த இடத்தைப் பார்க்கிறவர்கள் அதன் முதல் வாடகை வீட்டையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வேலையும் படிப்பும் சேர்ந்து இருக்கலாம் என்பதை அவரும் நம்பினார். ஆனால் அங்கே பிள்ளை செய்த வேலையின் பலன் பிள்ளைக்கும் பள்ளிக்கும் போயிற்று, வேறெவர் லாபத்துக்கும் அல்ல. மில்லின் அரைநாளுக்கும் வித்யாலயத்தின் வேலை நேரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அவரே 1946இலிருந்து மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து உயர்நிலைப் பள்ளிகளில் தமிழில் பாடம் நடக்க வழிசெய்தார். எட்டாம் வகுப்பு தாண்டியதும் இங்கிலீஷுக்குப் பயந்து நின்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்று வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொருவர் கோபிசெட்டிபாளையம் ஜி.எஸ்.லட்சுமண ஐயர். சேரி மக்களை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்ததற்காக அவர் குடும்பத்தைச் சொந்தச் சாதியே விலக்கி வைத்தது. விடுதலைப் போரில் சிறை சென்றவர், கோபி நகராட்சித் தலைவராக இருந்து எடுப்புக் கக்கூஸ்களை ஒழித்தவர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்கச் சொந்த இடத்தில் விடுதி நடத்தினார். குடும்பச் சொத்து அதில் கரைந்தது. கையால் மலம் அள்ளும் வேலை இருக்கும்வரை அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேலை காத்திருக்கும், அதை ஒழித்தால்தான் பிள்ளை பள்ளியில் நிற்கும். விடுதியையும் கக்கூஸையும் அவர் ஒரே காரியமாகப் பார்த்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். 2011இல் மறைந்தார். எங்கள் ஆசிரியர் பயிற்சியில் அவர் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர் சத்துணவைத் தொடங்கியபோது நான் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை பாதிப் பிள்ளைகளுக்குப் போட்ட சோறு எல்லோருக்கும் என்று ஆயிற்று. சமையலர், ஆயா என்று அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே வேலை கிடைத்தது. அதைக் கேலி பேசிய படித்தவர்கள் பலரை நான் அறிவேன். சத்துணவு வந்த பின் என் வகுப்பில் மதியத்துக்குமேல் காலியாகும் இடங்கள் நிரம்பின, அவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான். ஒன்று மட்டும் மாறியது. முழுச் செலவும் அரசுடையது ஆனதும் ஊரின் நாலு காசு தேவைப்படவில்லை. களத்துமேட்டில் பள்ளிக்கென்று அளந்து வைத்த வள்ளம் நின்றது. பெரியவர்கள் பள்ளிப் பக்கம் வருவது குறைந்தது. கிடைத்ததோடு ஒப்பிட்டால் இழந்தது சிறிது. ஆனால் அடுத்து வந்த அலையின்போது அந்தச் சிறிதையும் நாங்கள் தேடவேண்டியிருந்தது.

அந்த அலை திருப்பூரிலிருந்து வந்தது. 1980களில் பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, கம்பெனிக்கு வெளியே வீதி வீதியாக வேலை சிதறியது. பிசிறு வெட்டுவது, கைமடிப்பது, துணி அடுக்குவது, செக்கிங் என்று பத்து வயதுப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலைகள். பெரியவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். சரக்கு அனுப்பும் அவசர வாரங்களில் என் ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவு பாதியாகிவிடும். ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசியபோது அந்த அம்மா என்னை உட்காரவைத்து, மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டார்: “ஏனுங்க டீச்சர், அவன் சனிக்கெழமையானா நூறு ரூவா கொண்டாந்து குடுக்கறானுங்க. நீங்க படிக்க வெச்சு என்னத்தைங்க குடுப்பீங்க?” அவர் பொல்லாதவர் இல்லை. வாங்கிய வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

அரசிடம் இருந்த பதில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். 1988இல் தொடங்கி, சிவகாசி போன்ற இடங்களுக்கும் பிறகு எங்கள் பகுதிக்கும் வந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையில், தொண்டு நிறுவனங்கள் நடத்திய சிறப்புப் பள்ளிகள். வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சோறு, பாடம், மாதம் 100 ரூபாய் உதவித்தொகை. அந்த அம்மாவின் மகன் ஒரே வாரத்தில் வாங்கியதுதான் அது. இருந்தும் அந்தப் பள்ளிகளை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். பன்னிரண்டு வயதில் மூன்றாம் வகுப்பில் உட்காரக் கூச்சப்பட்ட பிள்ளைக்கு, தன்னைப் போன்றவர்களோடு உட்கார்ந்து ஒன்றிரண்டு ஆண்டில் தேறி வர அவை இடம் கொடுத்தன. அந்தப் பள்ளிகளிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்து பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் உண்டு.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எம்.சி.மேத்தா தமிழ்நாட்டு அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. குழந்தையை அபாயகரமான வேலையில் வைத்திருந்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நிதியில் கட்டவேண்டும், அதன் வருவாய் அந்தக் குழந்தையின் படிப்புக்குப் போகவேண்டும் என்றது. கூலி கொடுத்தவனைப் பார்த்துச் சட்டம் நேராகக் கேட்டது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான் தேடிக் கிடைக்காத கேள்வி அங்கேதான் எழுந்தது. அதே காலத்தில் வெளிநாட்டு வாங்குவோரும் குழந்தைகள் இருக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். வங்கதேசத்தில் அமெரிக்க மசோதா ஒன்றுக்குப் பயந்து ஆயத்த ஆடை ஆலைகள் பிள்ளைகளை வெளியே தள்ளியபோது, அவர்கள் அதைவிடக் கடுமையான வேலைகளுக்குப் போனதாகத் தகவல் வந்தது. அதன் பிறகு 1995இல் அந்த நாட்டு ஏற்றுமதியாளர் சங்கம், ஐ.எல்.ஓ, யுனிசெப் மூன்றும் கையெழுத்திட்டு, பள்ளியில் இடம் கிடைக்கும்வரை பிள்ளையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் உதவித்தொகை தரவேண்டும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். வெளியே அனுப்புவது ஒரு காரியம், பள்ளிக்குள் கொண்டு சேர்ப்பது இன்னொரு காரியம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

எங்களுக்கும் அதே அனுபவம். பெரிய கம்பெனி வாசலில் ‘குழந்தைகளை வேலைக்கு வைப்பதில்லை’ என்று பலகை தொங்கியதும், பையன்கள் சந்துக்குள் இருந்த ஜாப் ஒர்க் வீடுகளுக்கு மாறினார்கள். ஒரு வீட்டில் பேசி மீட்டால் மறுவாரம் எதிர்வீட்டில் இருப்பான். ஒரே வீதியில் இருந்த எல்லா செக்கிங் வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒத்துக்கொண்டால்தான் வேலை நடக்கும் என்று தெரிந்தது. மாரியம்மன் நோம்பிக்கு வரி போட ஊர் கூடிய கூட்டத்தில் எங்களுக்கும் பேச இடம் கேட்டோம். நோம்பிக் கூட்டத்துக்கு வராத முதலாளி கிடையாது. பத்தாம் வகுப்பு முடிக்காத பையனை இந்த வீதியில் எவரும் எடுப்பதில்லை என்று அங்கே சொன்ன வார்த்தை, லேபர் ஆபீசர் எழுதிய நோட்டீஸைவிட அதிக நாள் நின்றது. முழுக்க நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் மாறுதலாகிப் போகும்வரை நின்றது.

பெண்பிள்ளைகள் கதை வேறு. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறினாலோ, தவறாமலே பிளஸ் டூவுக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தாலோ, வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும். அந்த நேரம் பார்த்துத் தரகர் வருவார். 1990களிலிருந்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று நடந்தது இதுதான். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக 30,000 அல்லது 40,000 ரூபாய். தென் மாவட்டங்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாகக் கூட்டி வந்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவளுக்குக் கடைசித் தொகை கிடைக்காது. என் மாணவியர் சிலர் போனார்கள். அப்பாரு காலத்து ஆலைப் பிள்ளையின் வயதை மட்டும் மூன்று நான்கு ஆண்டு கூட்டி வைத்தது போலத்தான் எனக்கு இது தெரிந்தது. பின்னாளில் சில ஆலைகள் விடுதிக்குள்ளேயே பிளஸ் டூவும் தொலைநிலைப் பட்டமும் படிக்க வகைசெய்தன. அப்படிப் படித்துப் பட்டம் வாங்கிய பெண்களைச் சந்தித்திருக்கிறேன், அவர்கள் முகத்தில் இருந்த பெருமை உண்மையானது. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு இரவில் புத்தகம் திறந்தவர்கள் அவர்கள். இதை அவர்கள் வீட்டில் இருந்தே, பதினேழு வயதில் முடித்திருக்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன்.

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஊரைத் திரும்பப் பள்ளிக்குள் அழைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்தபோது எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பட்டறைக்கும் கம்பெனிக்கும் போனதை எல்லோரும் பார்த்தோம். 2021 அக்டோபரில் வந்த இல்லம் தேடிக் கல்வியில் அந்தந்த வீதிப் பெண்களே தன்னார்வலர்களாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். 2022இல் காலை உணவு வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப்பெண் திட்டம் வந்தது. பையன்களுக்கும் அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். பையன்களைக் கூலி இழுக்கும் ஊரில் தொடங்கியது பொருத்தமே.

இப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் நிறைய. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கம்பெனிக் குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கும் குடும்பங்கள். ஒரே ஆண்டில் தமிழ் பேசப் பழகி, ஆத்திசூடி ஒப்பிக்கிறார்கள். தீபாவளிக்கோ ஹோலிக்கோ ஊருக்குப் போனால் சிலர் திரும்புவதில்லை. திரும்பினாலும் வேறு கம்பெனி, வேறு பள்ளி, அல்லது பள்ளியே இல்லை.

மேலாண்மைக் குழுக் கூட்டம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் பெற்றோர் எல்லோரும் கம்பெனியில் இருப்பார்கள். கூட்டத்துக்கு வந்தால் அரை ஷிப்ட் கூலி போகும். அதனால் குழுவில் பெயர் இருக்கிறது, நாற்காலியில் ஆள் இல்லை. பழைய மாணவர்கள் சிலர் இன்று சின்னக் கம்பெனி முதலாளிகள். அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டிருப்பது இரண்டே காரியம். குழுவில் இருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் மாதத்தில் அந்த ஒரு மதியம் கூலியோடு விடுப்புக் கொடுக்கவேண்டும். குடும்பத்தோடு ஆள் எடுக்கும்போது, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழையும் ஆதாரோடு சேர்த்துக் கேட்டு, சேராத பிள்ளை இருந்தால் பக்கத்துப் பள்ளிக்குத் தகவல் சொல்லவேண்டும். இதுவரை இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். ஒருவர் கூட்டத் தேதியை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி, சம்பளம் போடும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார். மற்றவர்களிடம் வருகிற மாரியம்மன் நோம்பிக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.